வான் வண்டியில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு: தின்பண்டமும் குடிதண்ணீரும் கட்டிக்கொண்டு போகும் முறை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இடையில் நின்று நின்று போனால் வானில் ஒன்பது மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு பேருக்கான உணவும் தண்ணீரும் கட்டிக்கொண்டு இந்தத் தூரத்தைப் பலமுறை போயிருக்கிறேன். முதல்முறை கட்டுகிறவர்கள் எங்கே பிழை விடுகிறார்கள் என்பதும் கூடப் போய்ப் பார்த்துத் தெரிந்தது. அவர்கள் செய்யும் பலகாரத்தில் குறை இருக்காது. எதை எப்போது செய்வது, எப்போது மூடுவது, வானில் எங்கே வைப்பது என்ற வரிசை தவறுவதால்தான் பாதிச் சாப்பாடு பழுதாகிறது. ஆகவே கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. சமைக்கும் முன் நேரத்தை எழுதுங்கள்

ஒரு தாளும் பேனையும் எடுங்கள். இடது பக்கத்தில் நேரம், வலது பக்கத்தில் அந்த நேரத்தில் வான் எங்கே நிற்கும் என்று எழுதுங்கள். விடிய 4.30க்கு வெளிக்கிட்டால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: 6 மணிபோல முறிகண்டி, 7.30போல வவுனியா, 10.30போல அனுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் எங்கேயாவது ஒரு நிழல், பின்னேரம் 1.30 அல்லது 2 மணிக்குக் கொழும்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா 140 கிலோமீற்றர் அளவில்தான். கோயிலடியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே அப்போது சாப்பிடப்போவதை எழுதுங்கள். "முறுக்கு, வடை, பிஸ்கற்" என்று பலகாரப் பெயர்களை மட்டும் எழுதினால் எல்லாமே அளவுக்கு மிஞ்சி வந்துவிடும். நேரத்தோடு எழுதும்போது, எத்தனை நேரமோ அத்தனை பை போதும் என்று தானாகத் தெரியும்.

அதே தாளின் கீழே யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள். சின்னப்பிள்ளை, நீரிழிவு உள்ளவர், ஓட்டத்தில் சத்தி எடுப்பவர், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், சாரதி. சாரதியை மறப்பவர்கள்தான் அதிகம். வான் வாடகைக்குப் பிடித்ததாக இருந்தாலும் அவருக்கும் ஒரு பங்கு கட்டாயம் வேண்டும். நாங்கள் பின்னால் இருந்து சாப்பிட, அவர் பசியோடு ஓட்டுவது சரியில்லை. பாதுகாப்பும் இல்லை.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிடுவது உங்கள் வழக்கம் என்றால், அதற்கு முதல் வரும் எந்தப் பையிலும் மீனோ இறைச்சியோ முட்டையோ வைக்காதீர்கள். "இது சைவமா, மச்சமா" என்று கோயில் வாசலில் நின்று பை கிண்டுவதைப் பலதடவை பார்த்திருக்கிறேன். மச்சப் பையை வேறாகக் கட்டி அடியில் வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

2. இரண்டு நாள் முதல்: காய்ந்த பலகாரமும் ஐஸ் போத்தலும்

காய்ந்தது, பொரித்தது, பாகு சேர்த்தது எல்லாவற்றையும் இரண்டு நாள் முதலே முடித்துவிடுங்கள். பருத்தித்துறை வடை, முறுக்கு, மிக்சர், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம் இவையெல்லாம் ஈரம் குறைந்தவை. இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது. கடைசி இரவில் எண்ணெய்ச் சட்டி வைத்தால் நித்திரையும் போகும், பலகாரமும் சூட்டோடு பைக்குள் போய் நமுத்துவிடும்.

பொரித்த பலகாரத்தைப் பேணியில் போடும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால்கூடப் போடக்கூடாது. அந்தச் சூடு ஆவியாகி, மூடியில் நீராகி, திரும்பப் பலகாரத்திலேயே விழும். அகலமான தாம்பாளத்தில் கடதாசி விரித்துப் பரப்பி, முழுதாக ஆறவிட்டே மூடுங்கள்.

வழிக்கு எதைத் தெரிவு செய்வது? ஓடும் வானில் ஒரு கையால் எடுத்து, தூள் கொட்டாமல் தின்னக்கூடியதை. பருத்தித்துறை வடை இதற்கு நல்லது: தட்டை, மொறுமொறுப்பு, கையில் எண்ணெய் அதிகம் ஒட்டாது. முறுக்கை முழுதாகக் கொண்டுபோனால் அடியில் தூள்தான் மிஞ்சும், ஆகவே சின்னதாகப் பிழிந்துகொள்ளுங்கள். பொரிமாவும் சீனி தூவிய பலகாரமும் வீட்டுக்கு நல்லவை. வானில் அவை இருக்கை எல்லாம் கொட்டி எறும்பைக் கூப்பிடும்.

புழுக்கொடியலை, அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கை, கட்டாயம் எடுங்கள். கெட்டுப்போகாது, இனிப்பில்லை, மெல்ல நேரம் எடுக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில் சாரதிக்கு ஒரு துண்டு கொடுத்தால் வாய் வேலை செய்துகொண்டிருக்கும். ஆனால் நித்திரை உண்மையாகவே வந்தால் புழுக்கொடியலும் தேத்தண்ணியும் அதற்கு மருந்தாகாது. வானை ஓரங்கட்டிப் படுக்க விடுங்கள். புழுக்கொடியலை வீட்டிலேயே சின்னத் துண்டுகளாக முறித்து, நாரை எடுத்து வையுங்கள். பல் இல்லாதவர்களுக்கும் சின்னப்பிள்ளைகளுக்கும் இது வேண்டாம்.

இதே நாளில் ஐஸ் போத்தலையும் தொடங்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு லீற்றர் போத்தல்களில் ஊற்றி பிரிஜின் ஐஸ் தட்டில் வையுங்கள். நான்கு விரல் இடம் விட்டே மூட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். கழுத்துவரை நிரப்பினால் போத்தல் வெடிக்கும். வீட்டுப் பிரிஜில் மூன்று நான்கு போத்தல் ஒன்றாக உறைய ஒரு இரவு காணாது. அதற்காகத்தான் இரண்டு நாள் சொல்கிறேன். மின்சாரம் நின்றுபோனாலும் சமாளிக்கலாம். பைக்கற் ஐஸ் வாங்குவதைவிட இது நல்லது: வானில் தண்ணீர் ஒழுகாது, மதியம் உருகினால் குளிர்ந்த குடிதண்ணீர் ஆகிவிடும்.

3. முதல் நாள் பின்னேரம்: தண்ணீர், புளி, பைகள்

தண்ணீர் கணக்கு முதலில். பெரியவருக்கு ஒன்றரை லீற்றர், பிள்ளைக்கு ஒரு லீற்றர். நாங்கள் சாரதியோடு பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் இரண்டு பேர் போவோம். குடிக்க ஒன்பதரை லீற்றர். சித்திரை, வைகாசி வெயிலில் அதோடு இரண்டு லீற்றர் கூட்டுவேன். கை கழுவ ஐந்து லீற்றர் கான் ஒன்று தனி. இந்தக் கானில் கிணற்றுத் தண்ணீரை நேராகவே எடுக்கலாம். குடிக்கிற போத்தலோடு மாறாமல் இருக்க மூடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.

குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி, இரவு முழுக்க ஆறவிடுங்கள். எங்கள் பக்கக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம், கொதித்ததும் அடியில் வெள்ளையாகப் படியும். காலையில் மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றி எடுங்கள். அடியைக் கலக்கி ஊற்றினால் போத்தலில் தூள் மிதக்கும், பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள்.

அடுத்தது கட்டுச்சோற்றுக்கான புளிக்காய்ச்சல். இதை இரவே முடித்தால்தான் விடிய நேரம் மிஞ்சும். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, கடுகு, செத்தல் மிளகாய், கடலைப்பருப்பு, வெந்தயம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கெட்டியாகக் கரைத்த புளியை ஊற்றி, உப்புப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை காய்ச்சுங்கள். தண்ணித்தன்மை மிஞ்சினால் சோறு சீக்கிரம் பழுதாகும். வெங்காயம் போட வேண்டாம், தேங்காய்ப்பூ கிட்டவும் வரக்கூடாது. புதியவர்கள் ருசிக்காகச் சேர்க்கும் இந்த இரண்டும்தான் வெக்கையில் முதலில் புளிக்கும்.

சீனிச் சம்பலும் அன்று பின்னேரமே. வெங்காயம் நன்றாகச் சிவந்து, ஈரம் வற்றி, எண்ணெயில் புரள வேண்டும். பாணுக்கு நடுவில் வைக்க இதைவிடப் பொருத்தமானது வழிக்குக் கிடையாது. தேங்காய்ச் சம்பலைச் சிலர் கொண்டுவருவார்கள். வவுனியா வரும்போதே அதன் மணம் மாறியிருக்கும்.

கடைசியாகப் பைகள். 6 மணிப் பை, 7.30 பை, 10.30 பை என்று நேரத்துக்கு ஒரு துணிப்பை எடுத்து, வாயில் ஒரு கடதாசித் துண்டைக் குத்துங்கள். அந்த நேரத்துக்கு வேண்டிய கரண்டி, கடதாசிக் கைதுடைப்பான், பேப்பர் தட்டு எல்லாம் அந்தப் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். "கரண்டி எங்கே" என்று தேடி எல்லாப் பையையும் அவிழ்ப்பதால்தான் வான் குப்பையாகிறது.

4. விடியப்புறம்: முதலில் சோறு, கடைசியில் பாண்

3 மணிக்கு எழும்புங்கள். முதல் வேலை சோறு. ஒரு சுண்டு அரிசி இரண்டு பேருக்குக் காணும், வழியில் யாரும் வீட்டில் சாப்பிடுவதுபோல நிறையச் சாப்பிட மாட்டார்கள். கொஞ்சம் விறைப்பாக, பொல பொலவென்று வடித்து எடுங்கள். குழைந்தால் கட்டுச்சோறு களியாகும், நடுவில் சூடும் தங்கும்.

இனிச் சொல்வதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானது.

சோற்றைப் பானையில் வைத்தே கிளறாதீர்கள். சுளகில் அல்லது பெரிய தாம்பாளத்தில் சுத்தமான வாழையிலை விரித்து, சோற்றை மெல்லிதாகப் பரப்புங்கள். மேலே இரண்டு கரண்டி நல்லெண்ணெயும் புளிக்காய்ச்சலும் விட்டு, மரக்கரண்டியால் பிரட்டி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அரை மணித்தியாலம் போதும். கையை நடுவில் வைத்தால் சூடு தெரியக்கூடாது. அதன் பிறகே இலையில் கட்டலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சோற்றில் உள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. சூடு மெல்ல மெல்ல இறங்கும்போது அவை முளைத்துப் பெருகும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்கு மிகவும் பிடித்தது. சூட்டோடு இறுக்கிக் கட்டிய பொதி மணித்தியாலக் கணக்கில் அந்த இடைச்சூட்டிலேயே இருக்கும். அவை விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்த சாதாரண உணவை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, வெயில் 32 பாகைக்கு மேல் போனால் ஒரு மணித்தியாலம்தான் என்பது பொதுவான பாதுகாப்புக் கணக்கு. புளியும் எண்ணெயும் கட்டுச்சோற்றுக்குக் கொஞ்சம் அவகாசம் தருகின்றன. அதை நாள் முழுக்க என்று நீட்டக்கூடாது. நான் 10.30ஐத் தாண்ட விடுவதில்லை, கட்டிய பொதியையும் ஐஸ் பெட்டிக்குள்ளேதான் வைப்பேன்.

ஒருமுறை வான் முன்னதாகவே வாசலுக்கு வந்துவிட்டது. அவசரத்தில் சோற்றை ஆறவிடாமல் கட்டினோம். மதவாச்சி தாண்டி அவிழ்த்தபோது இலையின் உள்பக்கம் முழுக்க வியர்த்து, சோறு வழுவழுவென்று நூல்விட்டிருந்தது. ஏழு பேருடைய சாப்பாட்டையும் மண்ணில் கிண்டிப் புதைக்க வேண்டியதாகிவிட்டது. பிள்ளைகள் பிஸ்கற்றோடு மூன்று மணித்தியாலம் வந்தார்கள். அன்றிலிருந்து வான் வந்து நின்றாலும் சோறு ஆறும்வரை நான் வெளிக்கிடுவதில்லை.

வாழையிலையை நெருப்பில் வாட்டி, நடுத்தண்டைச் சீவி, ஆளுக்கொரு பொதியாகக் கட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். ஒரே பெரிய பொதியாகக் கட்டினால் நடுச்சோறு ஆறாது, பரிமாறும்போது எல்லாக் கையும் அதற்குள் போகும். இலைக்கு வெளியே ஒரு பேப்பர் சுற்று போதும். பொலித்தீனால் இறுக்கினால் மூச்சு அடைத்து வியர்க்கும்.

தொட்டுக்கொள்ள மோர்மிளகாய்ப் பொரியல், உருளைக்கிழங்குப் பொரியல், வாழைக்காய்ப் பொரியல். எல்லாம் தண்ணீர் இல்லாதவை. சொதி, பால்கறி, பருப்பு மூன்றையும் வீட்டில் விட்டுவிடுங்கள். கருவாட்டுப் பொரியல் கெடாதுதான், ஆனால் அடைத்த வானில் அந்த மணம் சத்தி எடுப்பவரைப் படுத்திவிடும். பொரித்த மச்சம் கட்டும்போது காத்துக் கறுப்பு அண்டாது என்று அம்மம்மா ஒரு கரித்துண்டும் வைப்பா, நானும் வைக்கிறேன்.

பாண் வேலை கடைசியில். பட்டர் பூசி, சீனிச் சம்பல் வைத்து, இரண்டு இரண்டாகக் கடதாசியில் சுற்றுங்கள். இது 7.30 பைக்கு. தக்காளி, வெள்ளரிக்காய் வைத்தால் பாண் ஊறி நைந்துவிடும். வேண்டுமானால் முழுதாகக் கொண்டுபோய் அங்கே வெட்டுங்கள். அவித்த முட்டை எடுப்பதென்றால் கோதோடு, ஐஸ் பெட்டிக்குள். பேக்கரியில் வாங்கும் மீன் ரோல்ஸும் பற்றிஸும் எப்போது பொரித்தவை என்று தெரியாததால் அவற்றை வழிக்கு எடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

இடியப்பமும் புட்டும் எடுக்கலாமா என்று கேட்பார்கள். விடிய அவித்த இடியப்பத்தை ஆறவிட்டு, சீனிச் சம்பலோடு 7.30க்குள் சாப்பிடுவதென்றால் சரி. புட்டில் தேங்காய்ப்பூ இருப்பதால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

5. குடிப்பதற்கு என்ன, எதில்

சுடுதண்ணிப் போத்தல் ஒன்றும், கொதித்து ஆறிய தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கு ஒன்றும் என்பதே என் ஏற்பாடு. ஒவ்வொரு போத்தலிலும் பெயர் ஒட்டிவிடுங்கள். யார் எவ்வளவு குடித்தார் என்று ஒரு பார்வையில் தெரியும். ஒருவருக்குத் தடிமன் என்றால் எல்லோருக்கும் பரவாது.

சுடுதண்ணிப் போத்தலுக்குள் முதலில் கொதிநீர் ஊற்றி, மூடி, பத்து நிமிடம் விட்டு, அதைக் கொட்டிவிட்டே உண்மையான கொதிநீரை நிரப்புங்கள். குளிர்ந்த போத்தல் சூட்டின் ஒரு பங்கைத் தானே குடித்துவிடும். கழுத்துவரை நிரப்புங்கள், பாதிப் போத்தல் சீக்கிரம் ஆறும்.

உள்ளே வெறும் சுடுதண்ணீர் மட்டும். பால் தேத்தண்ணியை ஊற்றிக் கொண்டுபோவது பரவலான பழக்கம், ஆனால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பால் மணம் மாறும். மூடியின் ரப்பரில் அந்த மணம் ஏறினால் பிறகு போகாது. தேயிலைப் பைக்கற், சீனி, பால்மா, வேர்க்கொம்புத் தூள் எல்லாவற்றையும் சின்னப் பேணிகளில் தனியாக எடுங்கள். ஒருவர் பிளேன்ரீ கேட்பார், ஒருவர் மல்லிக்கோப்பி கேட்பார், பிள்ளைக்குப் பால் வேண்டும். ஒரே சுடுதண்ணீரில் எல்லாம் முடியும். வான் நின்ற பிறகே சூடானதை ஊற்றுங்கள். ஓட்டத்தில் ஒரு குலுக்கல் போதும் மடியில் கொட்ட.

தேசிக்காய்த் தண்ணியை வீட்டிலிருந்தே கரைத்துக் கொண்டுபோகாதீர்கள். பிழிந்து சில மணித்தியாலம் கழிந்தால் கைக்கும். தேசிக்காயை முழுதாக எடுத்து, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்த தூளைப் பேணியில் வையுங்கள். ஐஸ் போத்தல் பாதி உருகியதும் அதிலேயே பிழிந்து கலக்கினால் வெயிலுக்கு அவ்வளவு சுகம். மோர் எடுப்பதென்றால் ஐஸ் பெட்டியில் வைத்து முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். வெக்கையில் அது மேலும் புளித்து வாயு பிடிக்கும், இறுக்கிய மூடியைத் திறக்கும்போது சீறும்.

சோடா ஒரு பெரிய போத்தல் எடுத்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்பது உண்மை. ஆனால் குலுங்கிய சோடா திறந்தவுடன் பொங்கும், சீனி தாகத்தைக் கூட்டும், வயிறு ஊதினால் சத்தி வரும். கொழும்பில் இறங்கிய பின் வாங்கிக் கொடுங்கள். வழியில் இனிப்பாக ஏதாவது வேண்டுமென்றால் ஒரு செவ்விளநீர் வெட்டச் சொல்லலாம், வெட்டிக் கையில் தருவதால் சுத்தம் பற்றிய கவலை குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் மலசலகூடம் கிடைக்காது என்ற பயத்தில் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். அம்மம்மா அப்படித்தான் வந்து, இறங்கும்போது தலைசுற்றி இருந்துவிட்டா. இதற்கு மருந்து முதலாம் படியில் எழுதிய தாளில்தான் இருக்கிறது. நல்ல மலசலகூடம் உள்ள நிறுத்தங்களை முன்பே குறித்து, "7.30க்கு வவுனியாவில் நிற்போம், அதற்கு அரை மணித்தியாலம் முதல் குடியுங்கோ" என்று சொல்லுங்கள். நிற்பது நிச்சயம் என்று தெரிந்தால் அவர்களும் குடிப்பார்கள். ஒரேயடியாகக் குடிக்காமல் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு மிடறு குடிப்பது நல்லது.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனி பைக்கற் இரண்டு எடுத்து வையுங்கள். யாருக்காவது சத்தியோ வயிற்றோட்டமோ வந்தால், ஒரு லீற்றர் பைக்கற்றை ஒரு லீற்றர் ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பாதிப் பைக்கற்றைக் கண்மட்டத்தில் கரைக்கக்கூடாது, உப்பின் அளவு பிழைக்கும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்.

6. தனிக் கவனம் வேண்டியவர்கள்

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கச்சான், கடலை, கல்போன்ற இனிப்பு கொடுக்காதீர்கள். சாய்ந்து இருக்கும் பிள்ளைக்கு வான் திடீரென்று பிறேக் போட்டால் தொண்டையில் சிக்கும். முந்திரிகைப்பழத்தை (திராட்சையை) நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள். அவர்களுக்கு இதரை வாழைப்பழமும் சத்துமா உருண்டையும் போதும். வாழைப்பழத்தைச் சீப்பாகவே எடுங்கள், உதிர்த்தால் காம்படி பிய்ந்து கறுக்கும். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இருமலுக்கென்றாலும் தேன் வேண்டாம்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக்கூடாது. நெரிசலில் வான் நின்றாலும் அவர்கள் கையிலேயே ஒரு பிஸ்கற் பைக்கற் இருக்க வேண்டும். வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சீனி மூன்று தேக்கரண்டி கரைத்துக் கொடுங்கள். அந்த நேரத்துக்காகக் கொஞ்சம் சீனியைத் தனியாக வையுங்கள். இன்சுலின் கொண்டுபோனால் துணியில் சுற்றி, ஐஸ் போத்தலோடு ஒட்டாமல் வையுங்கள். உறைந்த இன்சுலின் உதவாது.

சத்தி எடுப்பவருக்கு வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. ஏறும் முன் இரண்டு கிறீம் கிறக்கர், பிறகு இஞ்சித்துண்டு அல்லது தேசிக்காய் மணம், முன் இருக்கை. பையொன்றை அவர் மடியிலேயே கொடுத்துவிடுங்கள்.

7. வானில் ஏற்றும் வரிசை

கடைசியில் சாப்பிடுவது முதலில் ஏற வேண்டும். கொழும்புக்கான பலகாரம், கைகழுவும் கான் எல்லாம் டிக்கிக்குள் அடியில். மச்சப் பை ஐஸ் பெட்டிக்குள் அடியில். 10.30 பையும் ஐஸ் பெட்டியும் பின் இருக்கைக்குக் கீழே நிழலில். 6 மணிப் பை கையில்.

ஐஸ் பெட்டிக்குச் சாதாரண ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி போதும். சாப்பாட்டை அடியிலும் உறைந்த போத்தலை மேலேயும் வையுங்கள், குளிர் கீழ்நோக்கி இறங்கும். இடைவெளிகளைக் கசக்கிய பேப்பரால் நிரப்பினால் ஐஸ் மெதுவாக உருகும். அடிக்கடி திறக்காதீர்கள். பிள்ளைகள் "குளிர்தண்ணி" என்று பத்துத்தரம் கேட்பார்கள், அதற்கு ஒரு ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றி வெளியே விட்டுவிடுங்கள்.

கண்ணாடிக்குக் கீழே, சாரதிக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தல் வைக்கும் பழக்கம் வேண்டாம். வெயிலில் கொதிக்கும், உருண்டு பிறேக்குக்குக் கீழே போனால் ஆபத்து. சாரதியின் போத்தலை அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வைத்துக்கொண்டு, திறந்து கொடுக்க வேண்டும்.

8. வழியில்

முறிகண்டியில் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமல் யாரும் வருவதில்லை. அதனால் வீட்டிலிருந்து கச்சான் எடுக்கவே வேண்டாம். சூடாக வறுத்ததை வாங்கி, கோதை வானுக்குள் உடைக்காமல் அங்கேயே நின்று தின்னுங்கள்.

அனுராதபுரம், மிகிந்தலை, தம்புள்ளைப் பக்கங்களில் குரங்குகள் அதிகம். கோயில் வளவுகளுக்கு அருகே சாப்பாட்டுப் பையை அவிழ்க்காதீர்கள். யன்னல் திறந்திருந்தாலும் கையை விட்டு இழுத்துவிடும்.

சாப்பிட முன் கை கழுவுவதற்கு ஒரு சின்ன உபாயம்: சின்னப் போத்தல் மூடியில் ஊசியால் நான்கு துளை இட்டு, சவர்க்காரத் தண்ணீர் நிரப்புங்கள். அமுக்கினால் நூல்போல வரும், ஐந்து லீற்றரில் ஏழு பேர் இரண்டுதரம் கை கழுவலாம்.

பொதியை அவிழ்த்ததும் முதலில் மணந்து பாருங்கள், விரலால் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்போ புளித்த மணமோ இருந்தால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். மணம் சரியாக இருந்தாலும், நேரம் கடந்திருந்தால் வேண்டாம். பழுதான சோறு எல்லாம் மணக்காது.

குப்பைப் பை ஒன்றை இருக்கையின் பின்னால் கொழுவுங்கள், இன்னொன்றை மடித்து மேலதிகமாக வையுங்கள். வாழையிலையை மாட்டுக்குப் போடலாம். பொலித்தீனை வீதியோரம் எறிந்தால் அதையும் மாடு தின்னும், ஆகவே அது எங்களோடு கொழும்புவரை வர வேண்டியதுதான்.

9. இறங்கிய பிறகு

அன்று இரவே சுடுதண்ணிப் போத்தலைக் கழுவி, மூடியைத் திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். திரும்பும் பயணத்துக்கு அதே போத்தல்தான் வேண்டும். ஐஸ் பெட்டியைத் துடைத்துக் காயவிடுங்கள், போத்தல்களை நிற்கும் வீட்டுப் பிரிஜில் உறையப் போடச் சொல்லுங்கள். திரும்பும்போது கட்டுச்சோறு கிடைக்காது என்பதால் அந்தப் பைக்குப் பாணும் வாழைப்பழமும் கிறீம் கிறக்கரும் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும்.

மிஞ்சி வந்த பைகளை அவிழ்த்து, எது தொடப்படவே இல்லை என்று அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் மூன்று பயணம் தொடர்ந்து மிக்சர் மிஞ்சியது. நாலாம் முறை அதை எடுக்கவில்லை, அந்த இடத்தில் இன்னொரு தண்ணீர்ப் போத்தல் வைத்தோம்.